மக்கார்தர் குடும்பக் கடிதங்கள்: ஆட்டுக்குக் கணக்கு இருக்கிறது, மேய்த்தவனுக்கு?

நூலகப்பூனை:
ஆஸ்திரேலியாவின் ஆரம்பகால ஆட்டுப்பண்ணைகள் என்று பேச்செடுத்தாலே ஜான் மக்கார்தர் பேர்தான் முதலில் வந்து நிற்கும். மெரினோ என்ற மென்கம்பளி ஆட்டை வளர்த்துக் காட்டியவர், கம்பளித் தொழிலின் தந்தை, 1966-ல் வந்த 2 டாலர் நோட்டில் ஒரு கிடாவோடு சேர்ந்து அச்சேறியவர். இருக்கட்டும். நான் கொஞ்ச நாளாக அந்தக் குடும்பத்தின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மூலங்கள் சிட்னி மாநில நூலகத்தின் மிட்செல் பிரிவில் இருக்கின்றன, நிறைய அச்சிலும் வந்துவிட்டன. படிக்கப் படிக்க இந்த "தந்தை" கதை ஆட்டம் காண்கிறது.

மனிதர் ஊரிலேயே இல்லை! 1801-ல் பட்டாளத்தில் தன் மேலதிகாரியான பேட்டர்சனோடு துப்பாக்கிச் சண்டை போட்டு அவரைத் தோளில் சுட்டுவிட்டார், இங்கிலாந்து தன் கைதிகளை அனுப்பி வைத்த அந்தக் காலனியின் (நியூ சவுத் வேல்ஸ்) ஆளுநர் கிங் இவரை விசாரணைக்கு என்று இங்கிலாந்துக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார். திரும்பி வந்தது 1805. அப்புறம் 1808 ஜனவரி 26 அன்று ஆளுநர் பிளையைப் பட்டாளம் பதவியிலிருந்து இறக்கியதே, அந்தக் கலகத்தின் பின்னால் இருந்த மூளையும் இவர்தான். அதற்காக 1809-ல் மறுபடி லண்டன், சிட்னியில் கால் வைத்தால் கைது என்ற நிலை, 1817 வரை வர முடியவில்லை. ரெண்டையும் கூட்டினால் 12 வருஷம். ஆட்டுமந்தை பெருகியதும் கம்பளியின் தரம் ஏறியதும் பெரும்பாலும் இந்த வருஷங்களில்தான். சிட்னிக்கு மேற்கே பரமட்டாவில் எலிசபெத் ஃபார்ம் என்ற பண்ணை, அங்கிருந்து தெற்கே கேம்டன், ரெண்டையும் பார்த்துக்கொண்டது மனைவி எலிசபெத்.

இது தெரிந்த கதைதான், பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது வேறு. இந்தக் கடிதங்களைக் காதல் கடிதமாகவோ சாகசக் கதையாகவோ படிப்பதை விட்டுவிட்டுப் பண்ணைக் கணக்காகப் படிக்க வேண்டும் என்கிறேன். கணக்கு என்றால் எது எழுதப்பட்டிருக்கிறது, எது எழுதப்படவில்லை ரெண்டும் முக்கியம் இல்லையா? ஒரு உதாரணம். 1790-களில் எலிசபெத் ஊருக்கு எழுதும்போது பண்ணையில் சில சமயம் 30, 40 பேர் வாரக்கூலிக்கு வேலை செய்கிறார்கள் என்கிறார், கால்நடையும் தோட்டமும் லாயமும் வீடும் பார்க்க 8 பேர், இன்னும் 5 பேர், இதுபோகப் பணிப்பெண்கள், இவர்களுக்குச் சோறும் துணியும் நாங்களே தருகிறோம் என்கிறார். நாட்டிலேயே முதல் ஏர் எங்கள் நிலத்தில்தான் ஓடுகிறது, சில சமயம் மாடு பூட்டி, சில சமயம் குதிரை பூட்டி என்றும் பெருமையாக எழுதுகிறார். ஏருக்கு ஒரு வரி கிடைத்திருக்கிறது. அந்த 40 பேரில் ஒருத்தர் பேர்கூட அங்கே இல்லை.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

கரிசல்காடு:
பூனையாரே, நல்ல இழை. எனக்கு ஆடுதான் முக்கியம், ஆளை அப்புறம் பேசலாம் (எங்கள் தாத்தா கிடை போட்டவர்). மக்கார்தரின் முதல் மந்தை எது தெரியுமா? கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த வங்காள ஆடுகள், பெண் ஆடும் குட்டியுமாக ஒரு 60 உருப்படி. அதோடு அயர்லாந்து ஆடு ரெண்டு மூன்றைச் சேர்த்து விட்டிருக்கிறார். நம் வங்காள ஆட்டுக்கு உடம்பில் மயிர்தான், கம்பளி கிடையாது. அயர்லாந்து ஆட்டோடு சேர்ந்து பிறந்த குட்டிகளுக்கு மயிரும் கம்பளியும் கலந்து வளர்ந்ததைப் பார்த்துத்தான் கம்பளி யோசனையே வந்தது என்று மனிதர் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். 1797-ல் கேப் டவுன் பக்கமிருந்து ஸ்பானிய மெரினோ வந்தது அதற்கப்புறம். ஆக "ஆஸ்திரேலியக் கம்பளி"க்கு அடியில் ஒரு கல்கத்தா ஆடு நிற்கிறது, இதை யாரும் நோட்டில் அடிக்கவில்லை.

பதிலுக்கு அவர்கள் ஆடும் இங்கே வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீலகிரி ஆடு என்று ஒரு இனம், கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியா மெரினோவும் வேறு சில சீமை ஆடுகளும் கலந்து 19-ம் நூற்றாண்டில் உருவானது. ஊட்டிக்குப் பக்கம் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் இன்னும் வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் மென்கம்பளி என்றால் அதுதான், மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை எல்லாம் கறிக்கு.

எனக்கு ஒரு சந்தேகம். கம்பளியின் தரம் ஏற வேண்டுமானால் வருஷா வருஷம் கழிக்க வேண்டும். எந்தப் பெண் ஆட்டை எந்தக் கிடாவோடு விடுவது, எதை விற்பது, எதை அறுப்பது என்று தினமும் மந்தையில் நின்று பார்க்கிற ஆள்தான் முடிவு செய்ய முடியும். லண்டனில் உட்கார்ந்துகொண்டு இதைக் கடிதத்தில் சொல்ல முடியுமா?

வெஸ்ட்மீட் குமரன்:
முடியவே முடியாது கரிசல் அண்ணே. அந்தக் காலத்தில் கப்பல் ஒரு வழிக்கு 4 முதல் 6 மாதம். "இந்தக் கிடாவை என்ன செய்யட்டும்" என்று கேட்டால் பதில் வர ஒரு வருஷம் ஆகும், அதற்குள் கிடா கிழடாகியிருக்கும் அல்லது திருட்டுப் போயிருக்கும். கப்பல் மூழ்கினால் அதுவும் இல்லை, அதனால் முக்கியமான சங்கதியைப் பிரதி எடுத்து ரெண்டு கப்பலில் போடுவார்கள்.

கடிதம் சிட்னித் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தாலும் கைக்கு வரும் என்று நிச்சயம் கிடையாது. கப்பலில் ஏறி "நான் இன்னார், எனக்குக் கடிதம் இருக்கிறதா" என்று பொய் சொல்லி வாங்கிக்கொண்டு போகிற கும்பல் ஒன்று இருந்தது. அதை நிறுத்தத்தான் 1809-ல் ஐசக் நிக்கல்ஸ் என்பவரை முதல் தபால் அதிகாரியாகப் போட்டார்கள். அவரே ஒரு முன்னாள் கைதி! கப்பலுக்குப் போய் மூட்டையை வாங்கி வந்து தன் வீட்டில் வைத்துக் கொடுப்பார், கடிதத்துக்கு 1 ஷில்லிங். ஜான் ரெண்டாவது முறை கப்பலேறியதும் அதே 1809-தான் என்பதைக் கவனியுங்கள்.

நான் பரமட்டாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். ஹாரிஸ் பார்க்கில் தோசை சாப்பிட்டுவிட்டு நடந்தே எலிசபெத் ஃபார்முக்குப் போய்விடலாம், நம்மவர்கள் பாதிப்பேருக்கு அங்கே அப்படி ஒரு வீடு இருப்பதே தெரியாது. 1793-ல் கட்டியது. ஜான் 1794-ல் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் 68 அடி முகப்பு, 18 அடி அகலம், செங்கல் வீடு என்று அளவோடு எழுதியிருக்கிறார், அளந்து பார்க்கிற ஆசை எனக்கு எப்போதும் உண்டு, ஆனால் பிறகு இடித்தும் சேர்த்தும் வீடு உருவம் மாறிவிட்டது. இப்போது அருங்காட்சியகம். உள்ளே இருக்கும் மேசை நாற்காலி எல்லாம் பிரதிகள், அதனால் கயிறு கட்டி மறிக்கவில்லை, உட்காரலாம், டிராயரைத் திறக்கலாம், பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம்.

செல்வி ரா:
அந்த 1794 கடிதத்தை நானும் படித்திருக்கிறேன் குமரன். அண்ணனிடம் ஒரே பீற்றல்! வெள்ளாடு 130, பன்றி 100-க்கு மேல், கோழி வாத்துக்குக் கணக்கே இல்லை, வேட்டைநாய்கள் கங்காருவாகப் பிடித்துக்கொண்டு வந்து போடுகின்றன என்று. நாலு வருஷம் முன்னால் கடனோடு கப்பலேறிய சின்ன அதிகாரி, ஊருக்குத் தான் ஆளாகிவிட்டதைக் காட்ட வேண்டுமே.

ஆனால் பூனை, நீங்கள் "காதல் கடிதமாகப் படிக்காதீர்கள்" என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். கலகம் நடந்த சமயம் ஜான் அவசரமாக மனைவிக்கு எழுதிய சின்னச் சீட்டு ஒன்று இருக்கிறது, இந்தப் பாவப்பட்ட காலனியின் சுதந்திரத்துக்காக நாள் முழுக்கப் போராடினேன், ஜெயித்துவிட்டேன், கொடுங்கோலன் இந்நேரம் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருப்பான் என்ற தோரணையில். அதில் ஆட்டுக்கணக்கா இருக்கிறது? பெண்டாட்டியிடம் வீரம் பேசுகிற புருஷன்தான் இருக்கிறான். கணக்கு மட்டும் என்று பார்த்தால் இதை எங்கே வைப்பீர்கள்?

அப்புறம் எலிசபெத்தை "சாதனைப் பெண்மணி" என்று தூக்கி வைப்பதிலும் எனக்கு ஒரு நெருடல். லண்டனிலிருந்து ஜான் எழுதுகிறார், நீ படுகிற பாடு எனக்குத் தெரியும், ஆயிரத்தில் ஒருத்திகூட இதைத் தாங்கியிருக்க மாட்டாள் என்று. நல்ல வார்த்தைதான். ஆனால் நிலம் ஜான் பேரில், முடிவு ஜான் பேரில், பேச்சும் ஜான் பேச்சு. 1822-ல் லண்டன் கலைச் சங்கம் கம்பளிக்குத் தங்கப் பதக்கம் தந்ததும் ஜானுக்குத்தான்.

எனக்கு இந்தக் கடிதங்களில் பெரிய விஷயம் ஆடும் இல்லை, பதக்கமும் இல்லை, பிள்ளைகள். 9 பெற்று 7 தங்கியது. எலிசபெத் முதல் குழந்தை எட்வர்டைக் கையில் வைத்துக்கொண்டு 1790-ல் கைதிகளை ஏற்றி வந்த இரண்டாம் கப்பல் தொகுதியில் வந்தார். முதலில் ஏறியது நெப்டியூன் கப்பலில், பெண் கைதிகள் அடைபட்ட இடத்துக்கு ஒட்டினாற்போல ஒரு பொந்து, நாற்றம், சச்சரவு, கடைசியில் நடுக்கடலிலேயே ஸ்கார்பரோ கப்பலுக்கு மாறினார்கள். வழியில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்துபோனது. அந்தத் தொகுதியில் வந்த கைதிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் கரை சேரவே இல்லை.

இதைவிடக் கொடுமை ஜூனியர் ஜான். 1801-ல் அப்பாவோடு 7 வயதில் படிக்கக் கப்பலேறிய பையன். லண்டனில் வக்கீலாகி, குடும்பத்தின் கம்பளி விற்பனையை, அரசாங்கத்தோடு பேசுவதை எல்லாம் அங்கிருந்து கவனித்தான். திரும்பி வரவே இல்லை, 1831-ல் அங்கேயே இறந்துபோனான். அந்த அம்மா 30 வருஷம் ஒரு மகனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், அவர் கண்ணில் நின்றது 7 வயது முகம். அவன் இறந்த பிறகும் மாதக்கணக்கில், செய்தி வந்து சேரும்வரை, அவன் இவர்களுக்கு உயிரோடுதான் இருந்தான்.

நூலகப்பூனை:
செல்வி, அந்தப் பல் நறநற சீட்டை நானும் கணக்கில் சேர்க்கத்தான் செய்வேன், வரவுப் பக்கத்தில்! அந்தக் கலகம் நிலத்தையும் சாராய வியாபாரத்தையும் யார் கட்டுப்படுத்துவது என்ற சண்டைதானே. சுதந்திரம் என்று அவர் எழுதுவதை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஜூனியர் ஜான் விஷயத்தில் நீங்கள் சொல்வதற்கு எதிராக ஒரு வார்த்தை கிடையாது. அங்கேயும் பாருங்கள், மகன்தான் லண்டன் ஏஜென்ட். மகன் இறந்தபோது குடும்பம் பிள்ளையை இழந்தது, பண்ணை தன் லண்டன் ஆளை இழந்தது. ரெண்டும் ஒரே கடிதக்கட்டில் கலந்து கிடப்பதால்தான் இது குடும்பக் கடிதமா வியாபாரக் கடிதமா என்று பிரிக்க வரவில்லை.

ஜூனியர் ஜான் சும்மா தபால்காரர் இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1824-ல் லண்டனில் ஆஸ்திரேலிய விவசாயக் கம்பெனி என்று ஒன்றை ஆரம்பித்தார்களே, 10 லட்சம் பவுண்டு மூலதனம், 10 லட்சம் ஏக்கர் நிலம் என்று. அதைக் கிளப்பி விட்டதில் இவர் பங்கு பெரியது.

முகிலன்:
எல்லாரும் ரசித்து ரசித்துப் பேசுகிறீர்கள். யார் நிலம்? அதை ஒருத்தர்கூட இன்னும் கேட்கவில்லை. பரமட்டா தருக் என்ற பூர்வகுடி மக்கள் மண். கேம்டன் தராவல் மக்கள் மண். 5000 ஏக்கரை லண்டனில் உட்கார்ந்திருந்த காலனி மந்திரி கேம்டன் பிரபு எழுதிக் கொடுத்தார், இவர்கள் நன்றிக்கடனாக அவர் பேரையே வைத்தார்கள். 1816 ஏப்ரல் 17 அன்று விடியற்காலையில் ஏப்பின் பக்கம் கேப்டன் வாலிஸின் சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்த தராவல் மக்கள்மேல் பாய்ந்தார்கள், குறைந்தது 14 பேர் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு, மலைமுகட்டிலிருந்து விழுந்து செத்தவர்களும் உண்டு. கேம்டனிலிருந்து அது எட்டிய தூரம்தான். இந்த அம்மா அப்போது பண்ணையை "நிர்வகித்துக்கொண்டு" இருந்தார். பீங்கான் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு எழுதிய கடிதத்தை எதற்குப் படிக்க வேண்டும்? உண்மை அதில் இருக்கவா போகிறது?

நூலகப்பூனை:
முகிலன், கோபம் சரி. ஆனால் உண்மை அதில் இல்லை என்று நீங்கள் சொல்லும் இடத்தில்தான் எனக்கு வேறு கருத்து. ரெண்டு கடிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது 1791 மார்ச். ஊரில் இருக்கும் சின்னவயதுத் தோழி பிரிட்ஜெட் கிங்டனுக்கு எழுதியது. எலிசபெத்துக்கு அப்போது 24 வயது, சிட்னியில் அதிகாரிகளின் மனைவி என்று பேச்சுத்துணைக்கு ஆளே கிடையாது. பொழுது போகாமல் லெப்டினன்ட் டாவ்ஸிடம் வானசாஸ்திரம் கற்றுக்கொள்ளப் போய், இது நமக்கு ஏறாது என்று தாவரவியலுக்குத் தாவியதை எழுதுகிறார், டாக்டர் வொர்கன் தன் பியானோவில் வாசிக்கச் சொல்லிக் கொடுத்ததை எழுதுகிறார். அதே கடிதத்தில் டரிங்கா என்ற பூர்வகுடிப் பெண் வருகிறார், கோல்பியின் மனைவி. பிறந்து கொஞ்ச நாளே ஆன தன் பெண் குழந்தையை எலிசபெத்துக்குக் காட்ட எடுத்து வருகிறார். குழந்தையை ஒரு மரத்தின் மெத்தென்ற பட்டையில் சுற்றியிருக்கிறார்கள். எலிசபெத் அந்தப் பட்டையில் ஒரு துண்டை எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன் என்கிறார், தாய்க்குச் சாப்பாடு கொடுக்கச் சொன்னேன், கொஞ்ச நாள் கவனித்துக்கொண்டேன் என்கிறார். அவருடைய சொந்தப் பெண் குழந்தை கடலில் போய் ஒரு வருஷம்தான் ஆகிறது, அதை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பத்தியைப் படியுங்கள். பேர் இருக்கிறது, குழந்தை இருக்கிறது, பட்டை இருக்கிறது.

ரெண்டாவது 1816 மார்ச். அதே கிங்டன் குடும்பத்துக்குத்தான். இப்போது எலிசபெத் 49 வயது, ஆயிரக்கணக்கில் ஆடு வைத்திருக்கும் நிர்வாகி. அந்த மாதம் கேம்டன் பக்கம் அவர்களுடைய வேலையாட்களே கொல்லப்பட்டார்கள். கடிதத்தில் டரிங்கா மாதிரி ஒரு பேரும் இல்லை. இந்தப் பூர்வகுடி மக்களைத் திருத்தப் பார்த்தும் பயனில்லை, காலனி ஆரம்பித்தபோது இருந்தபடியே காட்டுமிராண்டிகளாக இருக்கிறார்கள், வெளியே உள்ள எங்கள் பண்ணைகளைச் சூறையாடிக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஒட்டுமொத்தமாகப் பேசிவிட்டுப் போகிறார். அடுத்த மாதம் ஏப்பின்.

அதே கைதான் ரெண்டையும் எழுதியது. நடுவில் என்ன ஆயிற்று? ஆடு வந்தது, ஆட்டுக்குப் புல் வேண்டியிருந்தது. இதை நான் சொன்னால் அரசியல், இந்த ரெண்டு கடிதமும் சொன்னால் சாட்சி. அதற்காகத்தான் படிக்கச் சொல்கிறேன்.

முகிலன்:
1791 கடிதம் எனக்குத் தெரியாது, தேடிப் படிக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், டரிங்கா பக்கத்துக் கடிதம் நம்மிடம் இல்லை. அவர் என்ன நினைத்துக் குழந்தையை அங்கே எடுத்துப் போனார் என்று எலிசபெத்துக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பெரியம்மை 1789-ல் அந்த மக்களில் எத்தனையோ பேரை வாரிக்கொண்டு போன பிறகு வந்த குழந்தை அது.

வெஸ்ட்மீட் குமரன்:
தராவல் மக்கள் எழுதி வைக்கவில்லையே தவிர வரைந்து வைத்திருக்கிறார்கள். 1788-ல் முதல் கப்பல் தொகுதி கேப் டவுனில் வாங்கி வந்த மாடுகளில் சில சிட்னியிலிருந்து ஓடிப்போய்விட்டன. 1795-ல் கண்டுபிடித்தபோது கேம்டன் பக்கத்தில் 60-க்கு மேல் பெருகி ஜாலியாக மேய்ந்துகொண்டிருந்தன, அந்த இடத்துக்கே அதனால்தான் மாட்டுப்புல்வெளி என்ற பொருளில் பேர் வந்தது. அந்த மாடுகளை அங்கிருந்தவர்கள் கேம்பெல்டவுன் பக்கம் ஒரு குகையில் பெரிசாக வரைந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் வந்து சேருவதற்கு முன்னாலேயே அவன் மாடு வந்துவிட்டது. அந்தப் புல்லைப் பார்த்துத்தான் மக்கார்தர் "எனக்கு இதுதான் வேண்டும்" என்று லண்டனில் கேட்டு வாங்கினார்.

கரிசல்காடு:
நான் ஆளை அப்புறம் பேசலாம் என்றேனே, இப்போது பேசுகிறேன். 1816-ல் செத்த வேலையாட்களைப் பற்றி முகிலனும் பேசவில்லை, பூனையும் ஒரே வரியில் தாண்டிவிட்டார்.

வேலி இல்லாத காலம் அது. கம்பிவேலி பரவியது 1850-களுக்கு அப்புறம்தான். அதுவரை ஒவ்வொரு மந்தைக்கும் ஒரு மேய்ப்பன், பகல் முழுக்கப் பின்னாலேயே நடக்க வேண்டும், சாயங்காலம் எண்ணிப் பட்டியில் அடைக்க வேண்டும், ராத்திரி டிங்கோ என்ற காட்டுநாய் வராமல் ஒருத்தன் காவல். ரெண்டு மேய்ப்பர், ஒரு குடிசைக்காவலன், பல மைலுக்கு வேறு மனித முகம் கிடையாது. இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் கைதிகள். லண்டனில் எதையோ திருடி மாட்டிக்கொண்டவன், வாழ்நாளில் ஆட்டைத் தொட்டிருக்க மாட்டான், அவனைக் கொண்டுபோய்க் காட்டில் 300 ஆட்டோடு விட்டார்கள். ஆடு தொலைந்தால் முதுகில் கசையடி. நிலத்தை இழந்தவனுடைய ஈட்டி முதலில் பாய்ந்ததும் இவன்மேல்தான், பரமட்டா வீட்டில் பியானோ வாசித்தவர்மேல் இல்லை. முகிலன் கோபித்தாலும் பரவாயில்லை, இவனையும் அந்தப் பக்கம் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

முகிலன்:
கோபம் எதற்கு அண்ணே. ஆனால் ஈட்டி வைத்திருந்தவனுக்கு யார் கைதி, யார் முதலாளி என்று பிரித்துப் பார்க்க என்ன அவசியம்? கையில் துப்பாக்கியோடு ஆட்டைக் கொண்டுவந்து தண்ணீர்த்துறையில் இறக்கியவன் அவன்தானே. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.

தேன்மொழி:
புதிதாகப் படிக்கிறேன், ஒரு சின்னக் கேள்வி. பண்ணைகளில் இந்தியர்கள், குறிப்பாகத் தமிழர்கள் இருந்தார்களா? எங்கோ "கூலிகள்" என்று படித்த ஞாபகம்.

வெஸ்ட்மீட் குமரன்:
இருந்தார்கள் தேன்மொழி, தமிழர்கள் இல்லை. 1837-ல் ஜான் மக்கே என்பவர் கல்கத்தாவிலிருந்து சுமார் 40 பேரைக் கொண்டுவந்தார், சோட்டா நாக்பூர் பக்கத்து மலைவாசிகள். கைதிகளை அனுப்புவது நிற்கப்போகிறது, மேய்க்க ஆள் கிடைக்காது என்ற பயத்தில் பண்ணைக்காரர்கள் உலகம் முழுக்க ஆள் தேடிய காலம் அது. மக்கார்தர் பிள்ளைகள் அடுத்த வருஷம் ஜெர்மனியிலிருந்து 6 திராட்சைத் தோட்டக் குடும்பங்களைக் கேம்டனுக்கு வரவழைத்தார்கள். நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதி அனுப்புவது 1840-ல் நின்றேவிட்டது.

மதராஸுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் குதிரை வழியாக. நியூ சவுத் வேல்ஸ் பண்ணைகளில் வளர்ந்த குதிரைகளை இந்தியப் பட்டாளத்துக்கு மதராஸ், கல்கத்தா துறைமுகங்களில் இறக்கினார்கள், "வேலர்" என்று பட்டாளத்தில் பேர். இன்னொன்று தந்தி. 1872-ல் ஆஸ்திரேலியா லண்டனோடு இணைந்தபோது செய்தி டார்வினிலிருந்து ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு வழியாக மதராஸ் வந்துதான் மேலே போனது. ஒரு வருஷம் காத்திருந்த பதில் நாள் கணக்கில் வர ஆரம்பித்தது. கம்பளிக்காரர்களுக்கு லண்டன் ஏல விலை உடனே தெரிந்தது. எலிசபெத் அதற்கு 22 வருஷம் முன்னால், 1850-ல், போய்ச் சேர்ந்துவிட்டார்.

செல்வி ரா:
பூனை, ஒரு விஷயம் விட்டுப்போகிறது. நாம் படிப்பது எல்லாக் கடிதமும் இல்லையே. 1914-ல் வந்த முதல் பெரிய தொகுப்பைத் தயாரித்தது யார்? குடும்பத்தார். எதைப் போடுவது, எதைப் பெட்டியிலேயே விடுவது என்று முடிவு செய்தது கொள்ளுப்பேத்தி தலைமுறை. ஜானின் கடைசிக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனநிலை முற்றிலும் தவறி, 1832-ல் சட்டப்படி புத்தி பேதலித்தவர் என்றே அறிவித்தார்கள். 40 வருஷம் கூட வாழ்ந்த, 12 வருஷம் தனியாகப் பண்ணையைக் காப்பாற்றிய மனைவியின் நடத்தையைச் சந்தேகப்பட்டார், மகள்களை வீட்டைவிட்டுத் துரத்தினார், எலிசபெத் தன் பேர் வைத்த வீட்டிலிருந்தே கொஞ்ச காலம் வெளியே இருக்க வேண்டி வந்தது. 1834-ல் கேம்டனில் இறந்தார். இதெல்லாம் ஒரு வம்சப் பெருமைத் தொகுப்பில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆயிரத்தில் ஒருத்தி என்ற வரியை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம், அதே மனிதர் பிறகு அவளைப் பற்றி என்ன பேசினார் என்பதை யாரும் காட்டுவதில்லை.

நூலகப்பூனை:
நூற்றுக்கு நூறு சரி. அதனால்தான் அச்சுத் தொகுப்போடு நிறுத்தக் கூடாது, பெட்டி பெட்டியாக நூலகத்தில் இருப்பதையும் பார்க்க வேண்டும் என்கிறேன். எலிசபெத் மூத்த மகன் எட்வர்டுக்கு எழுதியவற்றைப் பாருங்கள், அப்பாவின் நிலைமையைச் சொல்லவும் வேண்டும், மகன் மனசில் அப்பாவை இறக்கிவிடவும் கூடாது, அந்த அம்மா வார்த்தையை எடைபோட்டுப் போடுகிறார். ஆட்டுக்கணக்கு எழுதும்போது இருக்கிற தெளிவு அங்கே இல்லை.

தேன்மொழி:
இதில் எதிலிருந்து தொடங்கலாம்? எல்லாவற்றையும் படிக்க எனக்குப் பொறுமையும் இல்லை, நேரமும் இல்லை.

நூலகப்பூனை:
1791 மார்ச் கடிதம், டரிங்காவுக்காக. அதை முடித்துவிட்டு ஜானின் 1794 பீற்றல் கடிதம், ரெண்டு பக்கம்தான், சிரித்துக்கொண்டே படிக்கலாம். அப்புறம் 1798-ல் எலிசபெத் எழுதியது, வசந்தகாலம், பாதாம், ஆப்ரிகாட், பேரி, ஆப்பிள் எல்லாம் பூத்துக் கிடக்கிறது என்று தொடங்கிப் பண்ணை முழுக்கச் சுற்றிக் காட்டுவார். அங்கிருந்து நேராக 1816 மார்ச்சுக்குத் தாவுங்கள். லண்டனிலிருந்து ஜான் எழுதியவை நிறைய, மூட்டுவலி, மனச்சோர்வு, வழக்கு என்று ஒரே புலம்பல், அவற்றைத் தாண்டித் தாண்டிப் படித்தால் போதும். கையெழுத்துப் பிரதியைப் படிப்பதாக இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள், இடத்தை மிச்சப்படுத்த ஓரத்திலும் குறுக்கிலும் எழுதுவது அந்தக் காலத்துப் பழக்கம்.

கரிசல்காடு:
அந்த வரிசையில் ஆடு கழிக்கிற கடிதம் ஒன்றுமே இல்லையே பூனையாரே? கிடா பொறுக்கியது யார் என்று இன்னும் பதில் வரவில்லை.

நூலகப்பூனை:
வரும் அண்ணே. 1809-க்கும் 1817-க்கும் நடுவில் அந்த அம்மா எழுதியவற்றைத்தான் அடுத்து எடுக்கிறேன், தனி இழையாகப் போடுகிறேன். நீங்கள் பொலிகிடா பொறுக்குகிற முறையைப் பற்றி அதற்குள் நாலு வரி எழுதி வையுங்கள், எனக்கு அதில் ஒன்றும் தெரியாது.